ஏழு லிட்டர் எஞ்சினைக் கட்டி மேய்க்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். டெட்ராய்ட் பக்கம் ஒருவர் 1969 செவர்லே கார்வெட் ஸ்டிங்ரே விற்கிறார். 427 பிக் பிளாக் (செவர்லேயின் பெரிய வகை வி8) எஞ்சின், 390 ஹெச்பி, நான்கு கியர் மேனுவல். ‘மேட்சிங் நம்பர்ஸ்’, அதாவது ஃபேக்டரியில் போட்ட அதே எஞ்சின், என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார். 11 வருடமாக ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் பார்க்க வரும்போது புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை, வீட்டில் இரண்டு குழந்தைகள். வாங்கலாமா, வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸுக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்தவரை உங்கள் பயமெல்லாம் அந்த எஞ்சின் மேல்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய எஞ்சின் நம்மை ஓட்டாண்டி ஆக்கிவிடுமோ என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். மிச்சிகனில் கார் பிரேக் பாகங்கள் தயாரிக்கும் துறையில் 20 வருடத்துக்கு மேல் வேலை. 2008 முதல் என்னிடம் இதே 1969 மாடல், இதே எஞ்சின் போட்ட கார் ஒன்று இருக்கிறது. நண்பர்களின் கார்வெட்டுகளிலும் கை வைத்திருக்கிறேன். என் பதில்: வாங்கலாம், ஆனால் எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள். அந்தக் காரில் உங்களுக்குக் குறைந்த தொல்லை கொடுக்கப்போவது எஞ்சின்தான். பணமும் தூக்கமும் போவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவற்றால்: சேஸிஸ், பிரேக், சூடு, வயரிங்.

எஞ்சினை முதலில் முடித்துவிடுகிறேன். 427 என்பது கன அங்குலக் கணக்கு, நம் கணக்கில் 7 லிட்டர். எட்டு சிலிண்டரில் ஒவ்வொன்றும் சுமார் 875 சிசி. ஊரில் ஓடிய மாருதி 800-இன் மொத்த எஞ்சினும் 796 சிசிதான். இரும்பு பிளாக், இரும்பு ஹெட், நடுவில் ஒரே கேம்ஷாஃப்ட், புஷ்ராட். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 390 ஹெச்பி எஞ்சினுக்கு ஃபேக்டரி வைத்த குறியீடு எல்36. 1969-இல் 38,762 கார்வெட்டுகள் செய்யப்பட்டன, அதில் 10,531 கார்களில் இந்த எஞ்சின். எல்88, இசட்எல்1 போல மியூசியத்துக்குப் போகும் அபூர்வம் இல்லை என்பது உங்களுக்கு நல்லதே. வால்வைத் தூக்கும் லிஃப்டர் ஹைட்ராலிக் வகை என்பதால் வால்வு இடைவெளியை அடிக்கடி சரி செய்யவும் வேண்டாம். 435 ஹெச்பி கொடுத்த எல்71-இல் அந்த வேலை உண்டு, மூன்று கார்புரேட்டரைச் சமன் செய்யும் வேலையும் உண்டு. எல்36-க்கு ஒரே ஒரு ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர் போதும். பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முறையாகப் பார்த்துக்கொண்டால் நீங்கள் ஓட்டும் அளவுக்கு இந்த எஞ்சின் களைப்பே அடையாது.

390 என்ற எண்ணை இன்றைய காரோடு ஒப்பிட வேண்டாம். அப்போது எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் மாட்டி, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் ஃபேனும் இல்லாமல் அளந்தார்கள். 1972-இலிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்ணைப் போடத் தொடங்கினார்கள். 1971-இல் 365 என்று போட்ட 454 எஞ்சின் அடுத்த வருடம் 270 ஆனது, அந்தக் குறைவில் பெரும்பகுதி அளவுமுறை மாறியதால் வந்தது. நீங்கள் ஓட்டும்போது உணரப்போவது ஹெச்பியை அல்ல, டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை. 3,600 ஆர்பிஎம்மில் 624 நியூட்டன் மீட்டர்.

சரி, நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் சேஸிஸ். பாடி ஃபைபர்கிளாஸ் என்பதால் துருப் பிடிக்காது என்று விற்பவர் சொல்வார், அது உண்மைதான். ஆனால் பாடிக்கு அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு. கண்ணாடியையும் கதவையும் தாங்கும் கூண்டும் இரும்பு. கார்வெட் வட்டத்தில் அதை ‘பேர்ட்கேஜ்’ என்பார்கள். மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு இந்த இரண்டையும் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கண்ணாடி போல மின்னும், உள்ளே இரும்பு அப்பளமாக நொறுங்கும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸ் மேல்நோக்கி வளையும் இடம் ஒன்று இருக்கிறது. மண்ணும் ஈரமும் அங்கேதான் தங்கும். காரை லிஃப்டில் ஏற்றி, அந்த வளைவை இரண்டு பக்கமும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மந்தமான சத்தம் வந்தால் அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். அப்புறம் உள்ளே கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் கதவுக் கீலின் தூணைப் பாருங்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலைகளில் பெயின்ட் உப்பியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். சேஸிஸை மாற்ற முடியும், வேலை பெரிது என்றாலும் அளவுக்குட்பட்டது. கூண்டு போயிருந்தால் பாடியையே பிரிக்க வேண்டும். கூண்டு அரித்த கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

அடுத்து அந்த ‘மேட்சிங் நம்பர்ஸ்’ சமாச்சாரம். எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். 1969 காரின் வின் நம்பரில் (காரின் அடையாள எண்) எஞ்சின் எதுவென்ற தகவல் கிடையாது. 1972-இலிருந்துதான் அதைச் சேர்த்தார்கள். ஆகவே வின் நம்பரை வைத்து இது பிக் பிளாக் காராகப் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், பயணி அமரும் பக்கத்து ஹெட்டுக்குக் கீழே, ஒரு சின்னத் தட்டையான இடத்தில் இரண்டு வரிசை எழுத்து அடித்திருக்கும். ஒன்றில் ஃபேக்டரி எழுத்தும் தேதியும் எஞ்சின் குறியீடும் இருக்கும். பிக் பிளாக் டோனவாண்டா (Tonawanda) ஃபேக்டரியில் செய்யப்பட்டது, அதனால் அது T-யில் தொடங்க வேண்டும். மற்றொன்று 19எஸ்7 என்று தொடங்கும் எண். முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வின் நம்பரின் கடைசி இலக்கங்களோடு அது ஒத்துப்போக வேண்டும். இது வரை உறுதி. ஆனால் அந்த எழுத்துகள் ஃபேக்டரியில் அடித்தவையா, பின்னாளில் ஒருவர் கராஜில் அடித்தவையா என்பது வேறு கேள்வி. ஃபேக்டரி இயந்திரம் அந்தத் தட்டில் இணையான மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். கோடு இல்லாவிட்டால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் நேர்மையாக எஞ்சினைப் பிரித்து பிளாக்கை இழைத்திருந்தாலும் கோடுகள் போய்விடும். ஃபோட்டோவைப் பார்த்து இதில் தீர்ப்பு சொல்பவர்களை நம்பாதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். பெட்ரோல் டேங்கின் மேல் ஃபேக்டரியில் ஒட்டிய தயாரிப்புத் தாள் இன்னும் மிஞ்சியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது, அதில் எஞ்சினும் ஆக்ஸிலும் எழுதியிருக்கும். 1974-இல் தொடங்கிய என்சிஆர்எஸ் என்ற கார்வெட் சீரமைப்பாளர் சங்கத்தில் இதற்கே கண் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் காசு கொடுத்தாவது கூட்டிப் போங்கள்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் நம்பர் ஒத்துப்போகாத கார்தான் உங்களுக்குச் சௌகரியம். விலை குறையும். ஒரு போல்ட்டை மாற்றவும் மனசு பதறாது.

பிரேக் என் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 1965-இலிருந்தே கார்வெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு கேலிப்பரிலும் நான்கு பிஸ்டன். அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய விஷயம் இது, இன்றும் நன்றாக நிற்கும். ஆனால் இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது துரு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி வருடக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் கேலிப்பரின் இரும்புத் துளைகளைக் குழிகுழியாக அரிக்கும், சீல் பிடிக்காது, ஆயில் கசியும். துளைகளுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை போட்ட கேலிப்பர்கள் கிடைக்கின்றன, இதற்கு நிரந்தரத் தீர்வு அவைதான். 11 வருடம் நின்ற காரில் நான்கு கேலிப்பர், ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டே விலை பேசுங்கள்.

இரண்டாவது பலவீனம் பலருக்குத் தெரிவதில்லை. இது எனக்கே நடந்தது. வாங்கிய முதல் கோடையில், ஒரு சரிவில் இறங்கும்போது பெடல் பாதி தூரம் காலோடு சேர்ந்து உள்ளே போயிற்று. இரண்டாம் முறை மிதித்ததும் பிடித்தது. ஒரு துளி ஆயில்கூடக் கசியவில்லை. காற்றை வெளியேற்றினேன், சரியாயிற்று. 300 மைல் கழித்து மறுபடியும் அதே கதை. காரணம் டிஸ்க்கில் இருந்தது. ஃபேக்டரியில் டிஸ்க்கை ஹப்போடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்தார்கள். அதனால் டிஸ்க் ஆடாமல் சுழலும். எனக்கு முன் அந்தக் காரைச் சீரமைத்த பணிமனையில் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, புது டிஸ்க்கைச் சும்மா மாட்டிவிட்டிருந்தார்கள். டயல் கேஜ் வைத்து அளந்தால் பின் டிஸ்க் ஒன்றில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம். 0.13-க்குள் இருக்க வேண்டியது அது. டிஸ்க் ஆடும்போது பேடுகள் பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளும். பழைய மாதிரி லிப் சீல் ஆயிலை வெளியே விடாது, ஆனால் அந்த அசைவில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சைக்கிள் பம்ப் மாதிரிதான் வேலை செய்கிறது. ஆட்டத்தைச் சரி செய்த பிறகு இத்தனை வருடத்தில் அந்தப் பெடல் ஒருமுறையும் என்னைக் கைவிடவில்லை. ஆகவே யாரிடம் வேலைக்கு விட்டாலும் “டிஸ்க் ரன்அவுட் எவ்வளவு?”, அதாவது ஆட்டம் எவ்வளவு, என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் பிரேக்கைக் கொடுக்காதீர்கள். பின் சக்கர பேரிங்குகளும் இதே கதைதான். பின் சக்கரத்தைத் தாங்கும் ட்ரெய்லிங் ஆர்முக்குள் அழுத்திப் பொருத்திய பேரிங் அது, பிரித்து கிரீஸ் போட்டு இடைவெளியை அளந்து திரும்ப மாட்டத் தனிக் கருவி வேண்டும். வீட்டில் செய்யும் வேலை இல்லை.

சூடு பற்றி. இந்த மாடல் காற்றைப் பெரும்பாலும் மூக்குக்கு அடியிலிருந்துதான் எடுக்கும். கீழே இருக்கும் காற்றுத் தடுப்பும், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஃபோம் சீல்களும் இல்லையென்றால் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் ஓரமாக நழுவிவிடும். ஸ்மால் பிளாக்கைவிட இந்த எஞ்சின் சுமார் 70 கிலோ கூடுதல் இரும்பு. அதே முன்பகுதிக்குள் அடைத்து உட்கார்ந்திருக்கிறது. சூடாகிறது என்றதும் பெரிய ரேடியேட்டர் வாங்கு என்பார்கள். அதற்கு முன் ஃபோம் சீல், ஃபேன் கிளட்ச், இக்னிஷன் டைமிங் மூன்றையும் பாருங்கள். டைமிங்கைத் தானாக முன்னே தள்ளும் வேக்யூம் அட்வான்ஸ் வேலை செய்யாத எஞ்சின் நிற்கும்போதே கொதிக்கும். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் உங்களுக்குத் தெரியும். 1995-இலிருந்து நடக்கிறது. ஆயிரக்கணக்கான பழைய கார்கள் நடுவே அந்த வெயிலில் மணிக்கணக்காக ஊர்ந்து போவதுதான் இந்தக் கூலிங்குக்கு வைக்கும் பரீட்சை. என் கார் அதில் இரண்டு வருடம் தேறவில்லை. சீல்களை முழுதாக மாற்றிய பிறகு பழைய ரேடியேட்டரோடே தேறிவிட்டது.

வயரிங்கில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது, அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டருக்கும் தனி எர்த் வயர் உண்டு. எது வேலை செய்யாவிட்டாலும் முதலில் எர்த்தைச் சுரண்டிப் பாருங்கள். மறைந்து எழும் ஹெட்லைட்டும் வைப்பர் மூடியும் எஞ்சின் உறிஞ்சும் வேக்யூமில் இயங்குபவை. ஹோஸில் ஓட்டை விழுந்தால் ஒரு கண் மட்டும் திறக்கும். தொல்லைதான், ஆனால் பொறுமை இருந்தால் நீங்களே சரி செய்யலாம்.

பெட்ரோல் பிரீமியம்தான் போட வேண்டும், கம்ப்ரஷன் 10.25. ஊருக்குள் கேலனுக்கு 9 மைல், நெடுஞ்சாலையில் 12, 13 எனக்குக் கிடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் புதிதாகப் போடுங்கள், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டால் ஃபைபர்கிளாஸ் வேகமாக எரியும். ஆயில் கடையில் கண்ணில் படுவதை ஊற்றக் கூடாது. இந்தக் கேம்ஷாஃப்டும் லிஃப்டரும் ஒன்றோடொன்று உரசிச் சுழல்பவை, அவற்றைக் காப்பது ஆயிலிலுள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். இன்றைய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சினுக்கென்றே விற்கும் ஆயிலில் அது போதிய அளவு இருக்கும்.

ஓட்டுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாது. கிளட்ச் கனம், முதல் வாரம் இடது தொடை வலிக்கும். காலுக்குக் கீழே சூடு ஏறும். ஸ்டியரிங்கின் நடுவில் கொஞ்சம் லூஸ் இருக்கும். நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் ஓவர்டிரைவ் கியர் கிடையாது, என் காரின் 3.36 விகித ஆக்ஸிலில் 70 மைல் வேகத்துக்கு எஞ்சின் 2,900 ஆர்பிஎம் பக்கம் சுற்றும். பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும். ஆனால் கிராமப்புறச் சாலையில் நான்காம் கியரில் 35 மைலில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். கியரைக் குறைக்கவே வேண்டாம். முன்பகுதி மெல்ல நிமிரும், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி போகும், அந்தத் தள்ளல் ஓயவே ஓயாது. அதிக வேகம் போகும் கார்களை ஓட்டியிருக்கிறேன். இந்த அவசரமில்லாத பலத்தை வேறு எந்தக் காரிலும் நான் கண்டதில்லை. இதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன். மழையில் மட்டும் அந்தப் பாதத்தை இறகு போல வையுங்கள். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. டயரில் ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் 11 வருடம் பழையதென்றால் அந்த டயரில் ஒரு மைல்கூட ஓட்ட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ்? கார் தாங்கும், காகிதம் தாங்காது. மிச்சிகனில் ஹிஸ்டாரிக் பிளேட் வாங்கினால் கிளப் நிகழ்ச்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கும், ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பொது உபயோகத்துக்கும் ஓட்டலாம். வாராவாரம் வேலைக்குப் போக அது செல்லாது. சாதாரண பிளேட் எடுங்கள். பழைய கார்களுக்கான இன்சூரன்ஸிலும், மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி நல்லது. ஆனால் ஆபீஸ் பயணத்தை அவை பெரும்பாலும் ஏற்பதில்லை, கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். குழந்தைகள் விஷயம்: இதில் இருக்கை இரண்டுதான். குடும்பமாகப் போக முடியாது. என் மகளை ஒரு ஞாயிறு, மகனை ஒரு ஞாயிறு என்று மாற்றி மாற்றி அழைத்துப் போனேன், இருவருக்கும் அது நினைவில் இருக்கிறது. உப்பு கொட்டத் தொடங்கினால் ஏப்ரல் மழை சாலையைக் கழுவும் வரை வண்டி வெளியே வரக் கூடாது. டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அது கெடுதல். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் சேரும்.

பெயின்ட், ஃபைபர்கிளாஸ் வேலையில் எனக்குப் பயிற்சி இல்லை, அதற்கு பாடி வேலை தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று ஃபோட்டோவும் பெயின்ட்டைத்தான் காட்டுகின்றன. எஞ்சின் நம்பர் தட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ், கதவுக் கீலின் தூண், இந்த மூன்றையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அவர் பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றாரே, அதைச் செய்ய விடாதீர்கள். 11 வருடப் பெட்ரோல் டேங்க்கில் வார்னிஷ் மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். சிலிண்டர் சுவர்களிலும் கேமிலும் ஆயில் வடிந்து உலர்ந்திருக்கும். அந்த நிலையில் ஒரு நிமிடம் ஓடினாலும் ரிங்கும் கேமும் உரசிப் போகும், அதற்கான செலவு உங்கள் தலையில் விழும். பழைய பெட்ரோலை இறக்கி, எட்டு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர்களில் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான ராட்சட் மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். சுலபமாகச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு ஆயில் பம்பைத் தனியாகச் சுழற்றி ஆயிலை மேலே ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஸ்டார்ட்டர். விற்பவர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஓடாத கார் என்ற விலைக்கே பேசி, டிரக்கில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நீங்கள் போவது சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்வத்தில் அவர் முந்தின நாளே ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம். இன்றைக்கே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள்.